பழைய டிவிடியில் ஒரு நிறமாலைநோக்கி: செய்முறையும் அளவீடும்

கடையில் அரக்கு நிறமாகத் தெரிந்த புடவை வீட்டுக்கு வந்ததும் வேறு சாயலில் தெரிவதுண்டு. விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் புடவையை வாசல்வரை எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். கடை விளக்கும் வெளியே இருக்கும் வெயிலும் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். ஆனால் அந்த வெள்ளைக்குள் எந்தெந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு. நம் கண்ணில் நிறத்தை உணரும் செல்கள் மூன்றே வகை. அந்த மூன்றையும் ஒரே விகிதத்தில் தூண்டினால் எந்தக் கலவையும் வெள்ளையாகவே தெரியும். உள்ளே இருப்பதைப் பார்க்க, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைநோக்கி வேண்டும். ஒரு டிவிடி, ஒரு சேவிங் பிளேடு, கொஞ்சம் அட்டை இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். அளவுகளைச் சரியாக வைத்தால், அலைநீளத்தில் 2 நானோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டரில் 1,000 நானோமீட்டர்) இடைவெளியில் இருக்கும் இரு ஒளிக்கோடுகளைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு அது நன்றாக வேலை செய்யும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பாதீர்கள். வெல்டிங் பொறி, லேசர் ஆகியவற்றையும் இதன் வழியாகப் பார்க்கக் கூடாது. சூரிய ஒளியைப் பார்க்க மேகமோ வானமோ போதும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் டிவிடி, ஏன் 45 டிகிரி

டிவிடியில் தகவல் பதியும் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுருளாக ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1,350 கோடுகள். கல்லூரி ஆய்வகத்தில் பயன்படுத்தும் கீற்றணி, அதாவது நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு, செய்யும் வேலையை இதுவும் செய்யும். சிடியில் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்கு 625 கோடுகள். நிறங்கள் விரியும் அளவு டிவிடியில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. ப்ளூ-ரே வட்டில் இன்னும் நெருக்கமான கோடுகள் இருப்பதால் அது இன்னும் நல்லது என்று தோன்றும். ஆனால் அதன் இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். நேராக விழும் ஒளியை அதனால் பிரித்து வெளியே அனுப்பவே முடியாது. எனவே டிவிடிதான் சரி.

ஒளி கீற்றணியில் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதில்தான் பல வீட்டுக் கருவிகள் சறுக்குகின்றன. டிவிடித் துண்டைப் பெட்டியின் முனையில் நேராக ஒட்டினால் பச்சை நிறம் 48 டிகிரி சாய்ந்தும், சிவப்பு 60 டிகிரிக்கு மேல் சாய்ந்தும் வெளியே வரும். கண்ணையோ மொபைல் கேமராவையோ அந்தக் கோணத்தில் பிடிப்பது பெரும்பாடு. அதற்குப் பதிலாகப் பெட்டியின் முனையையே 45 டிகிரி சாய்வாக வெட்டி, அந்தச் சாய்ந்த முகத்தில் டிவிடியை ஒட்டுங்கள். இப்போது ஊதா, முகத்தின் செங்குத்துக்கோட்டுக்கு ஒருபுறம் 10 டிகிரியிலும், பச்சை ஏறக்குறைய நேராகவும், அடர்சிவப்பு மறுபுறம் 14 டிகிரியிலும் வரும். மொபைலைச் சாய்ந்த முகத்தின்மீது தட்டையாக வைத்தால் முழு நிறமாலையும் படத்தின் நடுவில் விழும். அலைநீளத்தைக் கணக்கிடும்போது இந்த அமைப்பால் இன்னொரு பெரிய நன்மையும் கிடைக்கிறது. அது அளவீட்டுப் பகுதியில் வரும்.

வேண்டியவை

எதுவும் எழுதாத டிவிடி-ஆர் ஒன்று. படம் பதிந்து விற்ற டிவிடி வேண்டாம். அதில் உலோகப் பூச்சு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் இரண்டு அடுக்கும் இருக்கும். இருபுறமும் கூரான சேவிங் பிளேடு ஒன்று, 2 மி.மீ. தடிமன் அட்டை, கறுப்புச் சார்ட் பேப்பர், கறுப்பு இன்சுலேஷன் டேப், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று, ஸ்கேல், கட்டர். சார்ட் பேப்பர் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பளபளக்கும் கறுப்பு, சாய்வான கோணத்தில் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பிவிடும்.

1. டிவிடியைப் பிளத்தல்

டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிய வட்டு. முதலில் மார்க்கரால் வட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை ஓர் அம்புக்குறி போடுங்கள். தடங்கள் இந்த அம்புக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. துண்டாக வெட்டியபிறகு எந்தப் பக்கம் எது என்று கண்ணால் சொல்வது கடினம். இந்தக் குறிதான் அப்போது கைகொடுக்கும்.

வட்டைக் கத்தரிக்கோலால் நான்கு கால்வட்டங்களாக வெட்டுங்கள். உடைந்து தெறித்தால் சில நிமிடங்கள் வெந்நீரில் போட்டு எடுத்தபின் வெட்டலாம். ஒரு கால்வட்டத்தின் விளிம்பில் கட்டரின் நுனியை இரு தட்டுகளுக்கும் நடுவே மெதுவாகச் செருகித் திருகினால் தட்டுகள் பிரிந்துகொள்ளும். வெள்ளி நிறப் பூச்சு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். மற்றொன்று ஊதாச் சாயம் பூசிய கண்ணாடிபோல இருக்கும். நமக்கு வேண்டியது ஊதாத் தட்டு, தடங்கள் பதிந்திருப்பது அதில்தான். அதன்மீது ஸ்பிரிட்டை ஊற்றி, கையால் தொடாமல், துணியால் தேய்க்காமல் அலம்புங்கள். சாயம் கரைந்து ஓடிவிடும். அங்கங்கே வெள்ளிப் பொட்டுகள் மிஞ்சினால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுக்கலாம். நின்றபடியே காயவிடுங்கள்.

காய்ந்ததும் வட்டின் வெளிவிளிம்பை ஒட்டிய பகுதியிலிருந்து 2.5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அகலம் அம்பின் திசையில் இருக்க வேண்டும். வெளிவிளிம்பைச் சொல்வதற்குக் காரணம், அங்கேதான் தடங்களின் வளைவு குறைவு. நடுத்துளைப் பக்கம் வெட்டினால் தடங்கள் அதிகம் வளைந்து, நிறமாலை விசிறிபோலச் சாயும்.

2. பெட்டி

மேலும் கீழும் இரண்டு சரிவகங்கள்: அகலம் 5 செ.மீ., ஒரு நீளப்பக்கம் 25 செ.மீ., எதிர்ப்பக்கம் 20 செ.மீ. இப்படி வெட்டினாலே முனை 45 டிகிரிச் சாய்வாகிவிடும், பாகைமானி வேண்டாம். சாய்ந்த விளிம்பு 7.1 செ.மீ. வர வேண்டும், ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள். பக்கச் சுவர்கள் 25 × 5, 20 × 5. முன்முகம் 5 × 5. சாய்ந்த முகம் 7.1 × 5. ஒட்டுவதற்கு முன்பே எல்லா அட்டைகளின் உட்புறத்திலும் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். பெட்டியான பின்பு உள்ளே கை போகாது.

25 செ.மீ. நீளச் சுவரின் உட்புறத்தைக் கூடுதல் கவனத்துடன் கறுப்பாக்குங்கள். சாய்ந்த முகம் வழியே உள்ளே பார்க்கும்போது உங்கள் பார்வை போய் முட்டுவது அந்தச் சுவரில்தான். நிறமாலை அதன்மேல் மிதப்பதுபோலத் தெரியும். பின்னணி சாம்பல் நிறமாக இருந்தால் மங்கலான கோடுகள் அதில் அமிழ்ந்துவிடும்.

முன்முகத்தின் நடுவில் 6 மி.மீ. அகலம், 2 செ.மீ. உயரத்தில் ஒரு திறப்பு வெட்டுங்கள். சாய்ந்த முகத்தின் நடுவில் 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரத்தில் ஒரு சாளரம். இரண்டின் மையமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒட்டும்போது ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆனால் கவலை இல்லை. சாய்வு ஓரிரு டிகிரி மாறினாலும் நிறமாலை நடுவிலிருந்து கொஞ்சம் நகருமே தவிர கெட்டுவிடாது.

3. பிளவு

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு ஒளிக்கோடும் இந்தப் பிளவின் பிம்பம். பிளவு கோணலாக இருந்தால் கோடும் கோணல், அகலமாக இருந்தால் கோடும் அகலம். அலுமினியத் தாளைக் கீறிச் செய்யும் பிளவின் விளிம்பு எவ்வளவு கவனமாக வெட்டினாலும் பிசிறடிக்கும். பிளேடின் விளிம்புதான் வீட்டில் கிடைப்பதிலேயே நேரானது.

பிளேடைக் காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடக்கினால் இரண்டாக ஒடியும். ஒடியும்போது சில்லு தெறிக்கலாம், முகத்துக்கு எதிரே வைத்து ஒடிக்காதீர்கள். ஒரு பாதியைக் கூர்விளிம்பு திறப்பின் நடுவில் செங்குத்தாக நிற்கும்படி டேப்பால் ஒட்டுங்கள். ஏ4 தாளில் ஒரு பட்டை வெட்டி இரண்டாக மடித்து, அந்தக் கூர்விளிம்பை ஒட்டினாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ., மடித்தால் 0.2. இன்னொரு பாதி பிளேடை மறுபுறமிருந்து தாளில் மெல்லத் தொடும்வரை நகர்த்தி ஒட்டுங்கள். அழுத்தினால் தாள் நசுங்கி இடைவெளி ஒரு முனையில் குறைந்துவிடும். பிறகு தாளை மேல்நோக்கி உருவி எடுங்கள். பிளேடின் வெளியே தெரியும் கூர்முனைகளையும் மூலைகளையும் டேப்பால் மூடிவிடுங்கள். குழந்தைகள் கையில் எடுக்கப்போகும் பொருள் இது. ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும்.

0.2 மி.மீ. பிளவுக்கும் 22.5 செ.மீ. தூரத்தில் இருக்கும் டிவிடிக்கும் கணக்குப் போட்டால், ஒரு கோட்டின் அகலம் அரை நானோமீட்டருக்குச் சமம். பிளாஸ்டிக் தட்டு ஆய்வகக் கண்ணாடிபோலத் தட்டையாக இருக்காது என்பதால் நடைமுறையில் 1 முதல் 2 நானோமீட்டர் கிடைக்கும். பிளவை ஒரு மில்லிமீட்டர் அகலமாக விட்டால் எல்லாக் கோடுகளும் தடித்து ஒன்றோடொன்று கலந்து, அழகான வானவில் மட்டுமே மிஞ்சும். பலர் செய்யும் கருவிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

4. டிவிடித் துண்டைப் பொருத்தி நேர்செய்தல்

டிவிடித் துண்டைச் சாளரத்தின் உட்புறமாக, தடங்கள் பதிந்த பக்கம் பெட்டிக்குள் இருக்குமாறு வைத்தால் விரல் படாது. தடங்கள் பிளவுக்கு இணையாக, அதாவது அம்பின் திசை படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். முதலில் ஒரு சிறு டேப் துண்டால் தற்காலிகமாக ஒட்டி, பிளவை ஒரு சிஎஃப்எல் விளக்கை நோக்கித் திருப்பிச் சாய்ந்த முகத்துக்கு நேராக உள்ளே பாருங்கள்.

நிறப்பட்டை செவ்வகமாகத் தெரிந்தால் சரி. சாய்ந்த இணைகரமாகத் தெரிந்தால் தடங்களும் பிளவும் இணையாக இல்லை. டிவிடித் துண்டைச் சற்றுச் சற்றாகத் திருப்பிச் செவ்வகமாகும் இடத்தில் நிரந்தரமாக ஒட்டுங்கள். கோடுகள் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் பிளேடுகள் இணையாக இல்லை. கோடுகள் வில்போல லேசாக வளைந்திருப்பது எல்லாக் கீற்றணிக் கருவிகளுக்கும் உரிய இயல்பு, அதைத் திருத்த முயல வேண்டாம். எதுவுமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிளவும் சாளரமும் விளக்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். பெட்டியின் முன்முகத்தை விளக்கின் திசையில் வைத்து, தலையை மட்டும் 45 டிகிரி பக்கவாட்டில் கொண்டுபோங்கள். கண் பார்க்கும் திசையில் விளக்கு இருக்காது என்பது முதலில் குழப்பும், சீக்கிரம் பழகிவிடும்.

எல்லா மூட்டுகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டியபின், பிளவைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே இன்னொரு டேப்.

முதலில் பார்க்க வேண்டியவை

சிஎஃப்எல் விளக்கோ பழைய ட்யூப் லைட்டோ கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ட்யூப் லைட் எல்இடி வகையாக இருக்கக் கூடாது. இந்த விளக்குகளுக்குள் பாதரச ஆவி இருக்கிறது. அது தனித்தனி அலைநீளங்களில் மட்டும் ஒளிரும்: ஊதாவில் 404.7, நீலத்தில் 435.8, பச்சையில் 546.1, மஞ்சளில் 577.0, 579.1 நானோமீட்டர். இவற்றோடு குழாயின் உட்பூச்சு தரும் பட்டைகளும் சேரும். அவற்றில் மிகப் பளிச்சென்று தெரிவது 611 நானோமீட்டரில் வரும், யூரோப்பியம் என்ற தனிமத்தின் சிவப்பு. மஞ்சள் இரட்டைக் கோடு உங்கள் கருவிக்கான தேர்வு. 577-ம் 579-ம் பிரிந்து தெரிந்தால் பிளவு நன்றாக அமைந்துவிட்டது. ஒன்றாகத் தெரிந்தால் பிளவை இன்னும் நெருக்குங்கள். அந்த நீலக் கோட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு: 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது பயன்படுத்தியது பாதரச விளக்கின் இதே 435.8 கோட்டைத்தான்.

எல்இடி பல்பில் கோடுகள் கிடையாது. 450 அருகே நீலத்தில் ஒரு கூர்மையான மேடு, 480 பக்கம் ஒரு பள்ளம், அதன்பின் பச்சையிலிருந்து சிவப்புவரை நீளும் அகலமான மேடு. நீல எல்இடியின்மேல் பாஸ்பர் என்ற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள் என்பது இந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். வார்ம் வொய்ட் பல்பையும் கூல் டேலைட் பல்பையும் அடுத்தடுத்துப் பாருங்கள். டேலைட் பல்பில் நீல மேடு ஓங்கி நிற்கும், வார்ம் வொய்ட்டில் அடங்கியிருக்கும். புடவைக் கதையின் விடையும் இங்கேதான் இருக்கிறது. துணியின் சாயம் எந்த அலைநீளத்தைத் திருப்பி அனுப்ப வல்லதோ, அது விளக்கில் குறைவாக இருந்தால் துணியிலும் குறைவாகவே தெரியும். சிவப்பின் கடைக்கோடி பல மலிவு எல்இடிகளில் மெலிந்துபோவதைக் கண்ணாலேயே காணலாம். அரக்கு, மெரூன் நிறங்கள் அங்கே களையிழப்பது அதனால்தான்.

குண்டு பல்பில் எந்த இடைவெளியும் இல்லாத தொடர்ச்சியான நிறமாலை வரும். சோடியம் ஆவித் தெருவிளக்கு இன்னும் எரியும் தெருவாக இருந்தால் தவறவிடாதீர்கள். உயர் அழுத்தச் சோடியம் விளக்கில் 589 நானோமீட்டரில் பிரகாசத்துக்குப் பதில் ஓர் இருண்ட பள்ளம் தெரியும். விளக்கின் நடுவே பிறக்கும் அந்த மஞ்சளை, சுற்றியுள்ள குளிர்ந்த சோடியம் ஆவியே விழுங்கிவிடுகிறது.

அதே சோடியத்தைச் சமையலறையில் பிரகாசமான கோடாகக் காணலாம். அறை விளக்குகளை அணைத்துவிட்டு கேஸ் அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். நீலச் சுடரில் 516, 473 அருகே பட்டைகள் தெரியும். அவை கார்பன் மூலக்கூறுகளுடையவை. இப்போது ஒரு கம்பியைக் கெட்டியான உப்புநீரில் தோய்த்துச் சுடரின் ஓரத்தில் பிடித்தால் 589-இல் ஒற்றை மஞ்சள் கோடு பளீரென்று எழும். உண்மையில் அது 589.0, 589.6 என இரண்டு கோடுகள். இந்தக் கருவியில் அவை பிரியாது, பிரியவில்லையே என்று பிளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டாம். அட்டைப் பெட்டியைச் சுடரிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள்; கம்பியைப் பெரியவர் ஒருவர் பிடிக்கட்டும்.

பகல் வானத்தில் இருண்ட கோடுகள்

பிளவை இன்னும் நெருக்கி, மடிக்காத ஒற்றைத் தாளின் தடிமனுக்கு, அதாவது 0.1 மி.மீ.க்கு வைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில், வெயில் படும் வெண்மேகத்தை நோக்கிக் கருவியைத் திருப்புங்கள். தலைமேல் ஒரு துண்டைப் போர்த்திப் பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நிமிடம் கண் பழகியதும் நிறப்பட்டையின் குறுக்கே மெல்லிய இருண்ட கோடுகள் தெரியத் தொடங்கும். முதலில் அகப்படுவது பெரும்பாலும் நீலப்பச்சையில் 486.1, ஹைட்ரஜனுடையது. அடுத்து பச்சையில் 517 அருகே மக்னீசியத்தின் நெருக்கமான கூட்டம், மஞ்சளில் 589 சோடியம், சிவப்பில் 656.3 மீண்டும் ஹைட்ரஜன். 1814-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் எழுத்திட்டுப் பட்டியலிட்ட கோடுகள் இவை. அடுப்பில் உப்பு எரிந்தபோது ஒளிர்ந்த அதே இடத்தில் சூரியனில் இருள் நிற்பதைப் பார்த்துத்தான், சூரியனின் மேற்பரப்பில் சோடியம் இருக்கிறது என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் கிர்க்காஃபும் புன்சனும் முடிவுக்கு வந்தார்கள்.

1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலைநோக்கியோடு காத்திருந்தார்கள். அப்போது சூரிய விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு 587.6-இல் இருந்தது. சோடியத்திலிருந்து வெறும் 1.4 நானோமீட்டர் தள்ளி. பூமியில் அதுவரை யாரும் கண்டிராத ஹீலியத்தின் கோடு அது. மேகத்தைப் பார்க்கும் நம் கருவியில் அது தெரியாது. ஆனால் பிளவின் அகலத்துக்காக ஏன் இவ்வளவு மன்றாட வேண்டியிருக்கிறது என்பது அந்த 1.4-இல் புரியும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நிறப்பட்டையில் ஊதாவிலிருந்து சிவப்புவரை நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அவை சூரியனுடையவை அல்ல. பிளவில் ஒட்டியிருக்கும் தூசி அது. ஒவ்வொரு துகளும் எல்லா நிறத்தையும் ஒரே உயரத்தில் மறைப்பதால் அப்படித் தெரிகிறது. தீக்குச்சியின் முனையைக் கூராக்கிப் பிளவின் நீளத்துக்கு ஒருமுறை இழுத்தால் போய்விடும். ஊதுவதால் எச்சில்தான் படியும்.

மொபைலில் படமெடுத்து அலைநீளம் அளத்தல்

மொபைலின் பிரதான லென்ஸைச் சாளரத்தின்மேல் வைத்து, மொபைலைச் சாய்ந்த முகத்தோடு தட்டையாக ரப்பர் பேண்டால் கட்டுங்கள். புரோ பயன்முறை இருந்தால் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஃபோகஸ் மூன்றையும் கையால் வையுங்கள். தானியங்கிப் பயன்முறையில் கேமரா இருண்ட பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பளிச்சென்ற கோடுகள் வெளுத்துத் தடித்துப்போகும். கோட்டின் நடு வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் படம் அளவீட்டுக்கு உதவாது. மின்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குவதால் ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் படத்தில் கோடு கோடான நிழல்கள் வராது.

ஃபோகஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிளவு 22.5 செ.மீ. தூரத்தில் இருந்தாலும், சாய்வாக விழும் ஒளியைக் கீற்றணி திருப்புவதால் நிறமாலைக் கோடுகள் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 45 செ.மீ. தூரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். தூசிக் கோடுகள் கூர்மையாகத் தெரியும் ஃபோகஸில் நிறமாலைக் கோடுகள் மங்கலாக இருக்கும். நிறமாலைக் கோடுகள் கூர்மையானால் தூசி மங்கும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. தானாக ஃபோகஸ் செய்யவிட்டால் கேமரா இரண்டுக்கும் நடுவே அலைபாயும்.

முதல் படம் எப்போதும் சிஎஃப்எல் விளக்குடையதாக இருக்கட்டும். மொபைலை அசைக்காமல் அடுத்த படத்தில் அளக்க வேண்டிய விளக்கை எடுங்கள். எந்தப் பட மென்பொருளிலும் கர்சரை வைத்து நீலக் கோடும் பச்சைக் கோடும் இடப்புறத்திலிருந்து எத்தனையாவது பிக்சலில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 435.8 கோடு 1,420-ஆவது பிக்சலிலும் 546.1 கோடு 1,870-ஆவது பிக்சலிலும் இருந்தால், 450 பிக்சலுக்கு 110.3 நானோமீட்டர். ஒரு பிக்சலுக்கு 0.245. அப்படியானால் 611 சிவப்பு 1,870-உடன் 265 கூட்டி 2,135 அருகே வர வேண்டும். அங்கே வந்தால் அளவுகோல் சரி. பச்சையில் மட்டும் கவனம் தேவை: உட்பூச்சின் பச்சைப் பட்டையும் 546-ஐ ஒட்டியே குறைந்த அலைநீளப் பக்கமாக நிற்கும். நீலத்திலிருந்து வரும்போது இரண்டாவதாக, கூர்மையாக நிற்பதே பாதரசக் கோடு.

இப்படி எளிய விகிதக் கணக்கு செல்லுபடியாவதற்குக் காரணம் அந்த 45 டிகிரிச் சாய்வு. ஒளி கீற்றணியின் செங்குத்துக்கு அருகே வெளியேறுவதால், இந்த மூன்று கோடுகளுக்கும் இடையில் பிழை அரை நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. முனையை நேராக வெட்டிய பெட்டியில் சிவப்புப் பக்கம் போகப் போக அளவுகோல் இழுபடும், விகிதக் கணக்கு பல நானோமீட்டர் தவறும். டிவிடி கிடைக்காமல் சிடியைப் பயன்படுத்துவோர் சாய்வை 45-க்குப் பதில் 20 டிகிரியாக வெட்ட வேண்டும். அப்போதுதான் இதே நன்மை கிடைக்கும்.

படத்தில் தெரியும் நிறத்தை நம்பி அலைநீளத்தைச் சொல்லாதீர்கள். கேமராவின் உணர்பரப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகளை மட்டுமே கொண்டது; சோடியத்தின் மஞ்சளைப் பல மொபைல்கள் ஆரஞ்சாகக் காட்டும். பிக்சல் எண் பொய் சொல்லாது. 660-க்கு அப்பால் இருக்கும் சிவப்பைக் கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டி வெட்டிவிடும் என்பதால் அந்தப் பகுதியைக் கண்ணால் பார்ப்பதே நல்லது. வெள்ளெழுத்து உள்ளவர்கள் படிக்கும் கண்ணாடியோடு பார்க்கலாம்.

திரவங்களின் இருண்ட பட்டைகள்

கருவி கைக்குப் பழகியதும் ஒளிரும் பொருள்களை விட்டுவிட்டு, ஒளியை விழுங்கும் பொருள்களைப் பாருங்கள். இதற்கு இடைவெளியில்லாத நிறமாலை தரும் குண்டு பல்பு வேண்டும், இல்லாவிட்டால் பகல் வானம். எல்இடி டார்ச்சில் ஏற்கெனவே பள்ளங்கள் இருப்பதால் எது விளக்கின் பள்ளம், எது திரவத்தின் பள்ளம் என்று தடுமாறுவீர்கள்.

ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையை நசுக்கி, அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடுப்பும் சுடரும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், இது எளிதில் தீப்பற்றும். தட்டையான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பிளவின் முன் வைத்தால் நீலம் ஏறக்குறைய முழுவதும் மறைந்து, சிவப்பில் 660-ஐ ஒட்டி ஓர் இருண்ட பட்டை வெட்டினாற்போல நிற்கும். பச்சையம் விழுங்கும் சிவப்பு அது. பட்டையின் மறுபுறம் அடர்சிவப்பு மீண்டும் தலைகாட்டும்.

இதைவிட அழகானது பொட்டாசியம் பெர்மாங்கனேட். கண்ணாடி டம்ளர் நீரில் ஒரே ஒரு துகளைப் போட்டுக் கலக்குங்கள். நீர் கருஞ்சிவப்பாக இருந்தால் பச்சை முழுவதும் ஒரே இருட்டாகத் தெரியும். புதியவர்கள் அத்துடன் விட்டுவிடுவார்கள். பாதி நீரைக் கொட்டிவிட்டு நல்ல நீர் ஊற்றுங்கள், மறுபடி பாருங்கள். இளம் ரோஜா நிறம் வரும்வரை இப்படியே நீர்க்கச் செய்துகொண்டு போனால், அந்த ஒற்றை இருட்டு படிப்படியாகப் பிரிந்து பச்சையில் வரிவரியான பட்டைகளாகும். அவற்றில் வலுவானவை 525, 545 நானோமீட்டர் அருகே நிற்கும். கையிலும் துணியிலும் பட்டால் பழுப்புக் கறை பிடிக்கும், பழைய டம்ளரையே பயன்படுத்துங்கள்.